வசனம் சொல்லித் தேற்ற வருகிறார்கள், எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கஷ்டத்தில் உங்களுக்கு உண்மையில் எது உதவியது?

உப்பளக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன், எழுதியதில்லை. ஊர் தூத்துக்குடி. என் வீட்டுக்காரர் தவறி 8 மாசம் ஆகிறது. கிட்னி. இரண்டரை வருஷம் வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம், அந்த 4 மணி நேரமும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் நான் வேதம் தெரியாதவள் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுதினால் உடனே "சிஸ்டர் வேதத்தைத் தியானியுங்கள்" என்று வருவார்கள் என்று தெரியும்.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (வரும் வருஷத்துக்கு என்று ஆளுக்கொரு வசனம்) எடுத்தோம். அவருக்கு வந்தது "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்". யாத்திராகமம் 15:26. பரிகாரி என்றால் குணமாக்குகிறவர். சபையே சந்தோஷப்பட்டது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு தடவையும் டயாலிசிஸ் போனார். ஜூலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டையைத் துவைக்க எடுத்தபோது அட்டை அப்படியே இருந்தது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து கால் கழுவக்கூட இல்லை, ஒருத்தர் ரோமர் 8:28 சொன்னார். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதாம். எந்த நன்மை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, காபி கொடுத்து அனுப்பினேன். இந்த வருஷம் 31ஆம் தேதி ராத்திரி கோவிலுக்குப் போகவில்லை. பைபிளும் திறக்கவில்லை. ஆனால் திறக்காமல் இருப்பதும் கஷ்டமாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை. அலமாரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

மாமியார் தினமும் படுக்கப் போகும் முன், பொல்லாப்பு அணுகாது என்று வாக்குச் சொல்லும் 91ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். மகன் போனதிலிருந்து சொல்வதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

என் கேள்வி இதுதான். நீங்கள் நிஜமாகவே உடைந்துபோயிருந்த நேரத்தில் எதை வாசித்தீர்கள்? எது உள்ளே போயிற்று? பிரசங்கம் வேண்டாம்.


ஜெயக்கொடி77

சகோதரி, உங்கள் துக்கம் புரிகிறது. எரேமியா 29:11 வாசியுங்கள். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". கர்த்தர் உங்களுக்காக ஒரு பெரிய திட்டம் வைத்திருக்கிறார். சோர்ந்துபோகாதீர்கள், விசுவாசத்தில் நில்லுங்கள், இரட்டிப்பான நன்மை வரும்.


நைட்_ஷிப்ட்

பிரசங்கம் வேண்டாம் என்று சொல்லி ஒரு வரிதான் ஆகியிருக்கிறது 🙂


பழைய வாத்தியார்

மகளே, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன், சி.எஸ்.ஐ., பாளையங்கோட்டைப் பக்கம். என் மனைவி இறந்து 11 வருஷம் ஆகிறது. உங்களுக்கு வந்த எரிச்சல் எனக்கும் வந்தது, அப்போது கை தானாக யோபுவுக்கு, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த அந்த மனிதனின் புத்தகத்துக்குப் போயிற்று, ஆனால் எல்லாரும் சொல்லும் முதல் அதிகாரத்துக்கு அல்ல.

இரண்டாம் அதிகாரக் கடைசியைப் பாருங்கள். மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். "ஒருவரும் அவனோடு ஒரு வார்த்தையையும் பேசாமல், இரவுபகல் ஏழுநாள், அவனோடுகூடத் தரையிலே உட்கார்ந்திருந்தார்கள்". அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்தார்கள், கெட்டது. "நீ ஏதோ தப்பு செய்திருப்பாய்" என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். 16ஆம் அதிகாரத்தில் யோபு பொறுக்கமுடியாமல் சொல்கிறான்: "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்." தொந்தரவு தருகிற ஆறுதல்காரர்கள் என்று அர்த்தம்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும், தமிழ் வாத்தியார் என்பதால் மன்னிக்கவும். தேற்றரவாளர். யோவான் 14:16இல் இயேசு போகும்போது "வேறொரு தேற்றரவாளனை" அனுப்புவதாகச் சொல்கிறாரே, அதே சொல்தான் நம் பழைய மொழிபெயர்ப்பில். பரிசுத்த ஆவியானவருக்குச் சொல்லும் பேரையே அந்த மூன்று பேருக்கும் போட்டு, முன்னால் "அலட்டுண்டாக்குகிற" என்று ஒரு அடைமொழி. மொழிபெயர்த்தவர்கள் தெரிந்து செய்தார்களோ என்னவோ, நான் அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். மனைவி போனபிறகு நான் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் கர்த்தர் யாரைக் கண்டிக்கிறார் என்றால் அழுது, கேள்வி கேட்டு, தான் பிறந்த நாளையே சபித்த யோபுவை அல்ல. அவனுக்கும் 38ஆம் அதிகாரத்திலிருந்து கேள்விமேல் கேள்வி விழுகிறது, அது வேறு. ஆனால் 42:7இல் கோபம் மூண்டது சிநேகிதர்கள்மேல்தான், யோபைப்போல் என்னைக்குறித்து நிதானமாக நீங்கள் பேசவில்லை என்று. கடவுளுக்காக வக்காலத்து வாங்கினவர்கள் அவர்கள்தான்!


நைட்_ஷிப்ட்

ஐயா அருமை. எங்கள் வார்டு வாசலில் இதை எழுதி ஒட்டவேண்டும்.

அக்கா, நான் நர்ஸ், குவைத்தில் இருக்கிறேன். எனக்கு உள்ளே போனது 1 இராஜாக்கள் 19. எலியா ஓடிப்போய் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறார், சாகவேண்டும் என்று கேட்கிறார். பெரிய தீர்க்கதரிசி, முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் அக்கினி இறங்கியது. அப்படிப்பட்ட ஆளிடம் தேவதூதன் வந்து என்ன செய்தான்? உபதேசம் இல்லை, "விசுவாசம் எங்கே" என்ற கேள்வி இல்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுடப்பட்ட அடை, தலைமாட்டில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டார். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் தரம் எழுப்பி, சாப்பிடு, நீ போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். கேள்வியெல்லாம் அப்புறம்தான், 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு.

கொரோனா நேரத்தில் 14 மணி நேர டூட்டி முடித்து ரூமுக்கு வந்தால் ஜெபிக்க வாய் வராது. பாத்ரூமில் நின்று அழுதுவிட்டுப் படுப்பேன். அம்மா போனில் "ஜெபம் பண்ணினாயா" என்று கேட்டால் பொய் சொல்வேன். இந்த அதிகாரத்தைத் தற்செயலாக வாசித்த அன்று ஃப்ரிட்ஜில் கிடந்த மாவை எடுத்து இரண்டு தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன், அன்றைக்கு அதுதான் என் ஜெபம்.

நர்ஸாகக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். சாப்பிடுகிறீர்களா? தூக்கம் வருகிறதா? 8 மாசமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றால், எலியா கேட்ட மாதிரி மனசு எப்போதாவது கேட்கிறது என்றால், வசனத்தோடு டாக்டரையும் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.


சும்மா_வாசகன்

உள்ளே வரலாமா தெரியவில்லை. நான் கிறிஸ்தவன் இல்லை, கடவுள் நம்பிக்கையும் பெரிதாக இல்லை. அப்பா இறந்தபோது வீட்டில் கருடபுராணம் வாசித்தார்கள், எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

ஒரு சந்தேகம். அட்டையில் "பரிகாரி" என்று வந்தது, ஆள் இறந்துவிட்டார். இதற்குப் பிறகும் அதே புத்தகத்தில் வேறொரு பக்கத்தைத் தேடுவது, மன்னிக்கவும், ஏமாற்றின கடையிலேயே திரும்பப் போய் வேறு சரக்கு கேட்பது மாதிரி இல்லையா? புண்படுத்தக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியவில்லை.


உப்பளக்காற்று

@சும்மா_வாசகன் புண்படவில்லை. இந்த 8 மாசத்தில் அட்டையைப் பற்றி என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். சபையில் எல்லாருக்கும் அந்த அட்டை ஞாபகம் இருக்கிறது, ஒருவரும் வாய் திறப்பதில்லை. பதில் என்னிடம் இல்லை.

@நைட்_ஷிப்ட் தூக்கம் 3 மணிக்கு மேல்தான். சாப்பாடு பரவாயில்லை, மாமியாருக்காகச் சமைக்கிறேன், அதனால் நானும் சாப்பிடுகிறேன். டாக்டரைப் பற்றி யோசிக்கிறேன்.


ஜெயக்கொடி77

இந்த மாதிரி அவிசுவாசமான கேள்விகளை இங்கே அனுமதிக்கலாமா என்று நெறியாளர் பார்க்கவேண்டும்.


நெறியாளர்

அனுமதிக்கலாம். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். தொடருங்கள்.


அணியம்

குமரி மாவட்டம், கடற்கரை, கத்தோலிக்கன். எங்கள் பைபிள் வேறு (திருவிவிலியம், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு), அதனால் என் வசனங்கள் உங்கள் காதுக்குக் கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்கும். நீங்கள் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பீர்கள், எங்களுக்கு "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை".

சும்மா_வாசகன் அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகுகள் ஏராளம். ஒருதடவை போனால் பல நாள் கழித்துத்தான் கரை திரும்புவார்கள், புயல் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவேயில்லை. என் சித்தப்பா மகன் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடல் இல்லாத வீட்டில் துக்கம் எப்படி இருக்கும் என்றால், முடியாது, அவ்வளவுதான். சித்தி இன்றைக்கும் வாசல் லைட்டை அணைப்பதில்லை.

அந்த டிசம்பரில் ஒரு நாள் எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டம்) மாற்கு 4, புயலை அடக்கின பகுதியை வாசித்தார்கள். எடுத்தவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், கடலைப் பார்த்து "இரையாதே" என்று சொன்ன கதையை அந்தச் சித்தி முன்னால் வாசிக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாசித்து முடித்ததும் சித்தி ஒரே ஒரு வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். சீடர்கள் இயேசுவை எழுப்பிக் கேட்பது: "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?"

"இதத்தான் நானும் கேட்கேன்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தன் கேள்வி அந்தப் புத்தகத்துக்குள்ளேயே, மீன்பிடிக்கிறவர்கள் வாயிலேயே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் சொன்ன கடையில் புகார்ப் புத்தகமும் இருக்கிறது. யார் யாரோ திட்டி எழுதியதையெல்லாம் கிழித்துப் போடாமல் பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்கள்.

(சீர்திருத்தச் சபைக்காரர்கள் பைபிளில் இதே இடத்தில் இயேசு "கப்பலின் பின்னணியத்தில்" தூங்கினார் என்று இருக்கிறதாம். கப்பல் என்பது கொஞ்சம் ஓவர், அது நம்ம வள்ளம் அளவுதான் இருந்திருக்கும். ஆனால் அணியம் எங்கள் சொல். படகின் தலைப்பக்கம். இன்றைக்கும் சொல்கிறோம். என் பெயரே அதுதான்!)


பழைய வாத்தியார்

தம்பி அணியம், அந்தப் புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் காட்டட்டுமா. சங்கீதம் 88. மொத்தம் 18 வசனம். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் எப்படியும் கடைசியில் ஒரு திருப்பம் வரும், "ஆனாலும் நான் உம்மை நம்பியிருக்கிறேன்" என்று எங்கேயாவது ஒரு வரி. 22ஐ எடுத்துக்கொள்ளுங்கள், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று ஆரம்பித்தாலும் பாதியில் துதிக்கு வந்துவிடும். 88 வராது. "மரித்தவர்களுக்கு அதிசயங்களைச் செய்வீரோ?" என்று நேருக்குநேர் கேட்கிறான். பதில் இல்லை. சிநேகிதனும் தோழனும் தூரமாகப் போய்விட்டார்கள் என்பதோடு முடிகிறது, எபிரெயத்தில் கடைசிச் சொல்லே இருள் என்று எனக்குச் சொல்லித்தந்த போதகர் சொல்வார்.

உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில் மகளே. ஆறுதல் சொல்லாத சங்கீதம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம், 149 போதும் என்று நினைத்திருக்கலாம், விடவில்லையே.


யாழ்ப்பாணத்தான்

நான் இப்ப கனடாவில் இருக்கிறன். 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து எல்லாரும் வெளிக்கிட்டபோது எனக்கு 12 வயது. அப்பம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு மழைக்குள் நாவற்குழிப் பக்கம் போனது, ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்பதெல்லாம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பம்மாவின் பையில் ஒரு பைபிள், ஒரு வெற்றிலைப்பெட்டி.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது அவ ஒவ்வொரு நாளும், சிறைபிடிபட்டுப் போனவர்கள் தங்கட ஊரை நினைத்து அழுகிற 137ஆம் சங்கீதம் வாசிப்பா. "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்." அலரிச்செடிகளின் மேல் கின்னரங்களை (யாழ் மாதிரி வாத்தியம்) தூக்கிவைத்தோம் என்று அடுத்தது வரும். எங்கட வீட்டு முற்றத்திலும் அலரி நின்றது, அதனால் அது எங்கட வீட்டைப் பற்றித்தான் எழுதினது என்று நான் கனகாலம் நினைத்திருந்தன்.

அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனம் பயங்கரமானது, கோவில்களில் அநேகமாக வாசிக்க மாட்டார்கள். எதிரியின் பிள்ளைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்று வரும். அப்பம்மா அதையும் விடாமல் வாசிப்பா. ஒருநாள் அம்மா "பிள்ளையளுக்கு முன்னால ஏன் மாமி இதை" என்று கேட்டதற்கு, "இதை அவரிட்டச் சொல்லாட்டி நான் யாரிட்டப் போய்ச் சொல்லுறது" என்றா. நான் அந்த வசனத்தை நியாயப்படுத்த வரேல்லை, எனக்கு இப்பவும் அதை வாசிக்க ஏலாது. ஆனால் அவவின் ஆத்திரம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே நின்றது, வெளியில் ஒருவர் மேலும் பாயவில்லை. அது எனக்குத் தெரியும்.


சும்மா_வாசகன்

இதையெல்லாம் எதிர்பார்க்கவில்லை. பைபிள் என்றால் காலண்டரிலும் ஆட்டோ பின்னாலும் இருக்கிற வசனங்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.


நைட்_ஷிப்ட்

நாங்களும் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.


பழைய வாத்தியார்

ஜெயக்கொடி தம்பி, உங்கள் எரேமியா வசனத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் அது யாருக்கு எழுதின கடிதம் என்று பார்க்கவேண்டும். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு. முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்கள் முன்னால் அடித்துச் சொல்கிறான். அவன்தான் கள்ளத் தீர்க்கதரிசி. எரேமியா சொன்னது 70 வருஷம். 29:10, உங்கள் வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால். அதாவது அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பப்போவதில்லை. அதனால்தான் 5ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பழத்தைச் சாப்பிடுங்கள் என்கிறான். திரும்பமுடியாத இடத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று சொல்கிற கடிதம் அது. இரட்டிப்பு நன்மைக்கு அதில் இடம் எங்கே இருக்கிறது?


ஜெயக்கொடி77

ஐயா, நான் பள்ளிக்கூடம் பாதியில் விட்டவன், முந்தின அதிகாரம் பிந்தின அதிகாரம் எல்லாம் எனக்குத் தெரியாது. திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் வைத்திருந்தேன். கடன் ஏறி, மிஷின் எல்லாம் போய், ஒரு நாள் ராத்திரி தண்டவாளம் பக்கம் நடந்துபோய்விட்டேன். அன்றைக்கு ஒரு டீக்கடைச் சுவரில் இந்த வசனத்தைத்தான் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத் திரும்பி வந்தவன் நான். அதனால்தான் எல்லாருக்கும் இதையே சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

சகோதரி, அவசரப்பட்டு அனுப்பிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.


பழைய வாத்தியார்

தம்பி, நான்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். அலட்டுண்டாக்குகிற ஆள் யார் என்று இப்போது தெரிகிறது. 70 வயதாகியும் புத்தி வரவில்லை.


நைட்_ஷிப்ட்

ஜெயக்கொடி அண்ணே, இப்போ எப்படி இருக்கிறீர்கள்? தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.


அணியம்

அட்டையைப் பற்றி ஒன்று, வெளியாள் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், எங்கள் சபையில் புதுவருஷ அட்டை வழக்கம் அவ்வளவாகக் கிடையாது. உங்கள் மாமியார் சொல்கிற 91ஆம் சங்கீதம் இருக்கிறதே, பாலைவனத்தில் சாத்தான் இயேசுவிடம் வந்து சொன்னது அந்தச் சங்கீதத்திலிருந்துதான். மத்தேயு 4. குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். இயேசு குதிக்கவில்லை. வசனம் பொய் என்றும் சொல்லவில்லை. அதை வைத்துக் கடவுளிடம் கணக்குப் பார்க்கமாட்டேன் என்ற மாதிரி ஒரு பதில். எனக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியாது. ஆனால் அந்த வாக்கு நடக்காத இடத்தில் அவரும் நின்றிருக்கிறார், சிலுவையில் யாரும் வந்து தாங்கவில்லை.


உப்பளக்காற்று

மூன்று நாளாக வாசித்துக்கொண்டே இருந்தேன், பதில் எழுத வரவில்லை. மன்னிக்கவும்.

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 2 மணி இருக்கும், பைபிளை எடுத்தேன். அட்டை யாத்திராகமத்தில் இருந்தது, அங்கே போகவில்லை, நேராக 88. மனதுக்குள் வாசிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன், எப்போது சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் மாமியார் முழித்திருந்திருக்கிறார்கள். முடித்ததும், "இதெல்லாம் பைபிள்லயா இருக்கு?" என்று கேட்டார்கள். 74 வயது, ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனவர்கள். ஆமா அத்தை என்றேன். "இன்னொரு மட்டம் வாசி."

வாசித்தேன். இரண்டு பேரும் அழுதோம், அவர் போனபிறகு ஒன்றாக அழுதது இதுதான் முதல் தடவை. அப்புறம் அத்தை எழுந்து போய்ச் சுக்குக்காப்பி போட்டு வந்தார்கள், அந்த நேரத்தில்! ரோமர் 8:28 சொன்னவருக்கு நான் கொடுத்த காபியை விட நன்றாக இருந்தது.

@சும்மா_வாசகன் உங்கள் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அட்டையைக் கிழிக்கவும் மனசு இல்லை, பழைய இடத்தில் வைக்கவும் மனசு இல்லை. இப்போதைக்கு 88இல் வைத்திருக்கிறேன்.

@நைட்_ஷிப்ட் வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறேன். அத்தையும் வருகிறார்களாம்.

இன்றைக்கு 89 வாசிக்கச் சொல்கிறார்கள்.


பழைய வாத்தியார்

89க்கு 52 வசனம். இரண்டு காப்பி போடச் சொல்லுங்கள்.